ஒண்ணரை மூட்டை

வண்டி வாங்கிப் பதினோரு மாசம்.
சீட்டின் பாலித்தீன் உறையைக்கூட
மாமியார் கிழிக்க விடவில்லை.

ஜனவரியில், மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறும்போது
முதல்தடவை அதற்கு மூச்சு முட்டியது.
மிதிக்கிறேன்.
கேட்கிறது, யோசிக்கிறது.
ஒன்று, இரண்டு, மூன்று...
பின்னால் திருவனந்தபுரம் பஸ்
ஆரன்மேல் ஆரன்.
பக்கத்து சீட்டில் வினிஸ்டன்
"மிதி பிள்ளே, மிதி" என்றார்.
இறங்கியபின்
"உனக்க காலுதான் சரியில்ல" என்றார்.
குவைத்தில் வலதோரம் ஓட்டிய கை
நம்ம ரோட்டில் வளையாது என்று
சாவியை என்னிடம் தந்தவரும் அவர்தான்.
பிப்ரவரியில் விமானம் ஏறினார்.
அந்தப் பேச்சு மட்டும் ஏறவில்லை.

பார்வதிபுரம் சர்வீஸ் சென்டரில்
மூன்று தடவை கம்ப்யூட்டர் செருகினார்கள்.
மூன்று தடவையும் பச்சை.
டீசல் ஃபில்டர் மாற்றினார்கள்.
தண்ணீர் கலந்திருக்குமோ என்று
பாட்டிலில் பிடித்து வெயிலில் காட்டினார்கள்:
மார்த்தாண்டத்துத் தேன் தோற்றுப்போகும்.
"ஓட்டிப் பாத்தாச்சு மேடம், பறக்குது."
பறக்கும்.
ஒற்றை ஆள் ஓட்டினால் எதுதான் பறக்காது.

நாலாம் தடவை ஷிஜின் என்றொரு பையன்,
முழங்கைவரை கரி,
"மொதல்ல மக்கர் பண்ணப்போ
உள்ள யாரெல்லாம் இருந்திச்சி?" என்றான்.
அதுவரை யாரும் கேட்காத கேள்வி.
நான், வினிஸ்டன், பிள்ளைகள் ரெண்டு, மாமியார்,
கொழுந்தன் ரெஜிமோன், அவனுக்க பெண்சாதி.
ஏசி மூணில். டிக்கியில் நேந்திரக்குலை ஒன்று.
"அப்போ எல்லாரையும் கூட்டிட்டு வாங்க அக்கா."

ரப்பர் விளையைப் பிரித்ததிலிருந்து
ரெஜிமோன் எங்கள் நடையில் கால்வைப்பதில்லை.
மாமியார் அவன் வீட்டில்.
இன்னொருவர் பாலைவனத்தில்.
பிள்ளைகளுக்குப் பரீட்சை.

ஷிஜின் தலையைச் சொறிந்தான்.
பக்கத்துக் கடையில்
சிமெண்ட் மூட்டை கடன் கேட்டான்.
மாமியாருக்கு ஒன்று.
பிள்ளைகள் ரெண்டுக்கும் சேர்த்து ஒன்று.
ரெஜிமோனுக்கு ஒன்று,
மேலே ஒரு செங்கல் நான் வைத்தேன்.
"அவருக்க பெண்சாதிக்குப் பதிலா நான் இருக்கேன்" என்று
லேப்டாப்போடு நடுவில் ஏறினான்.
"சாருக்கு எவ்வளவு அக்கா?"

ஜனவரியில் எழுபத்தெட்டு.
இப்போது?
வீடியோவில் முகம் மட்டும்தானே வரும்.
"ஒண்ணரை போடு" என்றேன்.
அரை மூட்டைக்கு மணல் அள்ளிக் கட்டினான்.

பெல்ட் போடவில்லை என்று வண்டி கத்தியது.
மூட்டைக்கு மூட்டை பெல்ட் போட்டோம்.
பாலித்தீன் உறையை நினைத்து
மாமியாருக்கு மனசுக்குள் ஒரு நன்றி சொன்னேன்.

மேம்பாலத்தில் முதல் சுற்று, ஒன்றுமில்லை.
ரெண்டாவது, ஒன்றுமில்லை.
மூன்றாவதில், உச்சிக்கு ஐம்பதடி இருக்க,
மிதித்தேன்,
யோசித்தது.
"வந்துட்டு! வந்துட்டு!"
பிள்ளை பிறந்ததுபோல் கூவினான் ஷிஜின்.
திரையில் ஒரு கோடு
பள்ளத்தில் விழுந்து கிடந்தது.
கேட்ட அழுத்தம் ஆயிரத்து நானூறு,
பம்பு தந்தது அறுநூறு.
"உங்க காலுல குத்தமில்ல அக்கா,
காலு சொல்லுதத பம்பு கேக்கல்ல."

புதுப் பம்பு சென்னையிலிருந்து வரப் பன்னிரண்டு நாள்.
வாரண்டி உண்டு.
அதுவரை ஏத்தத்தில் மெதுவாப் போகணும்.
மூட்டைகளை இறக்கினார்கள்.
முன்சீட்டில் இருந்ததை மறந்தார்கள்,
நானும் சொல்லவில்லை.

திங்கள்சந்தை தாண்டும்போது
ஸ்பீக்கரில் அவர் குரல்.
"என்னவாக்கும் சொன்னானுவ?"
"பம்பு."
"ஓ."
அப்புறம் கொஞ்ச நேரம்
அங்கே ஏசி ஓடும் சத்தம் மட்டும்.
"இப்போ எடை எவ்வளவு இருக்கிய?" என்றேன்.
"என்னத்துக்கு?"
"சும்மா, ஒரு கணக்குக்கு."
"எழுவது இருக்கும்."

பக்கத்தில் பார்த்தேன்.
பெல்ட்டுக்குள் கொஞ்சம் சரிந்து,
ஐந்து கிலோ கூடுதலாய்.
பாலித்தீன்மேல் மணல் சிந்தியிருந்தது.

கருங்கல் ஏத்தம்.
ரெண்டாவது கியருக்கு இறக்கினேன்.
பின்னால் ஒரு மீன் லாரி ஆரன் அடித்தது.
அடிக்கட்டும்.