இருபத்தைந்து டிகிரி

மார்ச்சிலேயே காட்பாடியில் முப்பத்தொன்பது.
பெட்டிக்குள் இருபத்தைந்து.
எனக்கு வாய்க்காத வீடு
பழ ஈக்களுக்கு வாய்த்திருக்கிறது.

காலையில் அவற்றுக்கு ஆக்கிப்போடுவதுதான் முதல் வேலை.
சோளமாவு, ஈஸ்ட், அகர்,
குடியாத்தத்து வெல்லம்.
கொதிக்கிற வாசனைக்கு எலியேசர் வந்து நிற்பார்:
"இன்னா தஸ்னீம், பாயாசமா?"
ஈக்கு, என்பேன்.
சொல்லிக்கொண்டே கரண்டியை நக்குவேன்.

வெல்லம் வயிற்றுக்கு.
ஆறு வருஷமாக நான் துரத்தும் சர்க்கரை வேறு:
புரதத்தின்மேல், குறித்த ஓர் இடத்தில்,
ஒரு நொதி கொண்டுவந்து வைக்கும் ஒற்றை மணி.
அதன் தலையில் இன்னொரு மணியை
இன்னொரு நொதி வைக்கும்.
அவ்வளவுதான்.
புழுவுக்குள் மடிந்து கிடக்கும் சிறகில்
இது மேல்பக்கம், அது கீழ்ப்பக்கம்,
நடுவே இந்தக் கோட்டில் ஓரம் என்று
செல்லும் பக்கத்துச் செல்லும்
கேட்டுத் தெரிந்துகொள்வது
அந்த இரண்டாம் மணியை வைத்து.

அதை வைக்கும் நொதி பழுதான ஈக்கள்
பதினேழாம் எண் குப்பியில்.
கூட்டைக் கிழித்து வருகிறபோதே
சிறகோரம் எலி கடித்த அப்பளம்.
மயக்கிப் படுக்கவைத்து
நுண்ணோக்கியில் ஒவ்வொரு கடியாக எண்ணினேன்.
எண்ணுகையில் போன் அடித்தது.
ரத்தம் கொடுத்த லேப்.

ஆபீசர்ஸ் லைனில் காகிதத்தை வாங்கி
வெயிலில் நின்றே படித்தேன். எட்டு புள்ளி ஒன்று.
ரத்தச் சிவப்பின் புரதத்திலும் சர்க்கரை.
யாரும் வைக்கவில்லை.
நொதி கிடையாது, நேரம் கிடையாது,
அதிகமாக இருந்ததால் போய் ஒட்டியது,
பாலாற்றுப் பாலத்தோரம் ஒதுங்கும் மணல் மாதிரி
மூன்று மாதமாக.

முப்பத்தாறு வயது எனக்கு.
இந்த இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று
கல்லூரியில் ஐந்து மதிப்பெண் கேள்வி எழுதியிருக்கிறேன்.
ஐந்துக்கு ஐந்து.

திரும்பும் பஸ்ஸுக்கு முன்னால் கரும்பு லாரி ஒன்று
ஆலைக்கு ஊர்ந்துகொண்டிருந்தது.
ஒரு பையன் ஓடிப்போய்
ஒரு கழியை உருவினான்.

மறுநாளும் வெல்லம் கொதித்தது.
எலியேசர் வந்தார், கேட்டார்.
ஈக்கு, என்றேன்.
கரண்டி கையில் இருந்தது.
குழாயைத் திறந்து கழுவினேன், ரொம்ப நேரம்.

பதினேழில் ஒன்று
கண்ணாடிச் சுவரில் பாதி தூரம் ஏறி,
நின்று,
பின்கால்களால் அந்த ஓரத்தைத்
துடைத்துக்கொண்டிருந்தது.