மூணு சிம்முக்கு ஒரு ஊக்கு

கப்பலில் சமைக்கிற என் தம்பி புருஷோத்
எந்தத் துறைமுகத்திலோ மலிவாய்ப் பிடித்த போன்.
நேரம் காட்டியது, படம் எடுத்தது,
டார்ச் அடித்தது. பேச மட்டும் மாட்டேனென்றது.
எங்கள் சிம்மை உள்ளே தள்ளினால்
இது செல்லாது என்று இங்கிலீஷில் எழுதியது,
ரேஷன் கடையில் கைரேகை விழாத நாள் மாதிரி.
அந்த ஊர்க் கம்பெனிக்கு வாக்கப்பட்டு வந்ததாம்.

பர்மா பஜாரில், முட்டி இடிக்கிற கடையில்
தலை நிமிராமல் ஒரு பையன் சொன்னான்:
"ஆயிரத்தி எட்நூறு ஆவும்க்கா. லாக் எட்த்துட்டா
எவன் சிம்ம வேணா போட்டுக்கோ. ஒண்ணும் கேக்காது."
காலையில் கொடுத்தேன். சாயங்காலம் வாங்கினேன்.
நடுவில் வண்ணாரப்பேட்டை சேட்டு கடைக்குப் போய்வந்தேன்.
"தட்டு தொறக்க பின்னு தேவையில்ல,
கம்மல் தண்டே போதும்க்கா" என்றான்
என் காதைப் பார்க்காமல்.
காதில் விளக்குமாற்றுக் குச்சி இருந்தது.

வீட்டில், புருஷோத்தின் கூட்டாளி
சும்மாவே எடுத்துக்கொடுத்தான் என்றேன்.
காது புண் என்றேன்.
ஜாக்கெட்டிலிருந்து ஊக்கைக் கழற்றினேன்.

ராத்திரி ரெண்டு மணிக்குத் தேசிங்கின் சிம் ஏறும்.
பாலித்தீன் கவருக்குள் முடிச்சுப் போட்டு
காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகும்.
திரும்பி வந்ததும், செதில் ஒட்டிய கவரைத் துடைத்து
என்னுடையதைப் போடுவேன்.
இறால் உரிக்க ஆள் வேணுமென்றால்
சூப்பர்வைசர் அதில்தான் கூப்பிடுவார்.
எனக்குப் படிக்கட்டு மூணாவது படியில்தான் டவர்.
அவருக்குத் தண்ணித் தொட்டி ஓரம்.
ஆறு மணிக்கு மேல் வினோவுடையது;
அதற்கு எங்கேயும் எடுக்கும்,
நெட்டு தீர்கிற வரைக்கும்.
மற்ற இரண்டும் ஏலக்காய் டப்பாவில் தூங்கும்.
மூன்று கம்பெனிக்காரனும் தினமும் எங்களுக்கு
வணக்கம் சொல்லி, காசு கேட்டு, பாட்டு விற்பான்.

ஒரே போன் என்பதால்
நானும் அவரும் ஒருவரையொருவர் கூப்பிட்டதே இல்லை.
நம்பர் வாங்கி வைக்கவும் தோன்றவில்லை.
ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள்
விலாசம் கேட்டுக்கொள்வார்களா என்ன.

கரண்ட் போன ராத்திரி, இருட்டில் மாற்றினேன்.
விடிந்து டப்பாவைத் திறந்தால்
அவர் சிம் ஏலக்காயோடு கிடக்கிறது.
என்னுடையது கடலில்.

எட்டு மணிக்கு வரவேண்டிய போட் எட்டரைக்கும் வரவில்லை.
பக்கத்து வீட்டு ஜரீனாவின் பட்டன் போனில்
ரெண்டு சிம் போட இடமுண்டு.
அதில் ஒன்றில் அவருடையதைச் செருகி
மடியில் வைத்துக்கொண்டு
தண்ணித் தொட்டி ஓரம் உட்கார்ந்தேன்.
யார் கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்தேன்?
போன் அவரிடம். நம்பர் என்னிடம்.

ஒன்பதேகாலுக்கு அடித்தது.
பெயரில்லாத பத்து எண்.
பார்த்தேன், யாரென்று தெரியவில்லை.
அது என் நம்பர்.
எனக்கு நானே எப்போது போன் செய்திருக்கிறேன்?

"அல்லோ, யாரு?" என்றது தேசிங்கின் குரல்,
தன் நம்பரைத் தானே கூப்பிட்டுவிட்டு.
"நாந்தான்."
"நீயா? யாரு நம்பரும் தெரில.
நம்ம நம்பரு ஒண்ணுதான் மனப்பாடம்.
சும்மா போட்டுப் பாத்தேன்."
"எங்க கீற?"
"ப்ரொபெல்லர்ல வல சுத்திக்கிச்சி. எட்த்தாச்சி.
ராயபுரம் கோயில் கோபுரம் தெரியுது."

கோபுரம் என்று அவர் சொன்னது மாதா கோயிலை.
மூச்சு வந்தது எனக்கு.

"சேட்டு பேசுனாரு" என்றார் பிறகு.
என்ஜின் சத்தம் மட்டும்
ரொம்ப நேரம் கேட்டது.
டவர் போய்விடும் என்று பார்த்தேன்.
போகவில்லை, சனியன்,
எல்லாக் கட்டமும் நிறைந்து நின்றது.

"காது புண்ணு எப்டிக்குது?" என்றார்.

ஜரீனா பார்த்துக்கொண்டிருந்தாள்.
குச்சியைத் தொட்டுப் பார்த்து
"ஆறல" என்றேன்.