பிடித்துக்கொள்ளக் கையில்லாதவள்

திரேலியூவில் விடியுமுன் ஏற்றினோம்.
சாம்பல் நிறப் பெண்குதிரை, பெயரும் செனீசா, சாம்பல்தான்.
சாய்பலகையில் முன்காலை வைத்தாள், எடுத்தாள்,
திரும்பவும் வைத்தாள்.
"இழு சுலேமா, இழு" என்றான் உரிமையாளன் இரியார்த்தே.
இழுக்கவில்லை நான். கயிற்றைத் தளரவிட்டு
வண்டிக்குள் ஒரு மூலையையே பார்த்துக்கொண்டு நின்றேன்
அங்கே ஏதோ இருக்கிறதென்று அவளுக்கும் தோன்றும்வரை.
இருபத்திரண்டு நிமிடம்,
அவன் கைக்கடிகாரத்தில்.

தலைக்கயிற்றை நீளமாகவே கட்டினேன்.
குனிந்து தும்ம இடம் வேண்டும் அவளுக்கு.
தூக்கிக் கட்டிய தலையில் தூசி நெஞ்சுக்குள் இறங்கி
மூன்றாம் நாள் காய்ச்சலாய் எழும்,
அப்படி ஒன்றைப் புதைத்திருக்கிறேன்.
வைக்கோல் வலையை நனைத்தேன்,
காற்றுச் சன்னல்களைத் திறந்தேன்,
ரப்பர் விரிப்பின் மேல் மரத்தூள் கொட்டினேன்.
டாஷ்போர்டில் மாத்தே குடுவை, விளிம்புவரை வெந்நீர்.
அது சிந்தினால் தப்பு என்னுடையது.

இந்த வேலைக்கு வந்த முதல் வருடம்
கிலோத்ரானை ஓட்டச் சொல்லி
காலி வண்டியின் பின்னால் நானே நின்றேன்,
கைகளை முதுகுக்குப் பின் கட்டிக்கொண்டு.
மூன்றாவது வளைவில் நெற்றி உடைந்தது.
ஐந்து தையல்.
வளைவு வருகிறதென்று
பின்னால் நிற்பவருக்கு யாரும் சொல்வதில்லை.

மூன்றாம் எண் நெடுஞ்சாலை,
இடப்புறமிருந்து நாள் முழுக்கக் காற்று.
அது வண்டியைத் தள்ளும்,
ஸ்டீயரிங்கால் நான் தள்ளுவேன்,
இடையில் ஐந்நூறு கிலோ
நான்கு கால்களை அகட்டி ஊன்றி
தன் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும்.
தொலைபேசியில் இரியார்த்தே: "எங்கே?"
"வழியில்."
ஒரு மணி நேரம் கழித்து, "எங்கே?"
வழியில்தான் ஐயா, வேறெங்கே.

சியர்ரா கிராந்தே தாண்டிப் புதர்க்காட்டில்
கழுத்து நீண்ட குவானாக்கோ ஒன்று குறுக்கே போனது.
ஒன்று போனால் பின்னால் இன்னொன்று வரும்,
இந்தச் சாலையில் குழந்தைக்கும் தெரியும்.
வந்தது, குட்டி.
கால் பிரேக்கைத் தேடிப் போனது,
பாதியில் நிறுத்தினேன்.
ஆக்சிலேட்டரை விட்டு,
முட்டையின் மேல் மிதிப்பதுபோல் மிதித்து,
ஸ்டீயரிங்கைத் திருப்பாமல், மூச்சையும் விடாமல்.
வலக் கண்ணாடி பறந்தது.
குட்டி தடுமாறி எழுந்து
வேலிக் கம்பியைத் தாண்டித் தாயிடம் ஓடிற்று.
முழங்கால் முழுதும் சூடாக மாத்தே.
பின்னாலிருந்து ஒரே ஒரு குளம்படி.
அப்புறம்
வைக்கோல் மெல்லும் சத்தம்.

ஓரம்கட்டிப் போய்ப் பார்த்தேன்.
தாடைக்கடியில் விரல் வைத்து நாடி பிடித்தேன்: ஐம்பத்தாறு.
என்னுடையதை எண்ணவில்லை.
கால்களைத் தடவினேன், கீறல் இல்லை.
என் சட்டைக் காலரைக் கடித்து இழுத்தாள்,
ஏன் நின்றோம் என்பதுபோல்.

சான் அந்தோனியோவில் வீட்டுத் தண்ணீர் தீர்ந்தது.
பெட்ரோல் பங்க் குழாயில் உப்பும் இரும்பும் நாறின.
முகர்ந்தாள், முகத்தைத் திருப்பினாள்.
ஒரு போத்தல் ஆப்பிள் சாறு ஊற்றினேன்.
ஒரு வாரமாக லாயத்திலும் இதே சாற்றைக் கலந்து
நாக்கை ஏமாற்றப் பழக்கியிருந்தேன்.
முக்கால் வாளி உறிஞ்சினாள்,
மீதியை என் காலணியில் கொட்டினாள்.
அரை மணி நேரம் அசையாமல் நின்றோம், அவளும் நானும்.
லாரிக்காரர்கள் சிரித்தார்கள்.
நின்றிருக்கும் வண்டியில்தான் குதிரைக்கு ஓய்வு,
ஓடும் வண்டியில் நிற்பதே வேலை.

பாஹியா பிளாங்காவை அடைந்தபோது இரவு பதினொன்று.
விமானத்தில் வந்து குளித்துச் சவரம் செய்து
வாசலில் நின்றிருந்தான் இரியார்த்தே.
அவனுக்குக் கண்ணில் பட்டது கண்ணாடி இல்லாத பக்கம்தான்.
"மூன்று மணி நேரம் தாமதம்" என்றான்.

செனீசா பலகையில் பின்வாங்கி இறங்கினாள்,
ஒவ்வொரு காலாக, தரை அசைகிறதா என்று சோதித்து.
உடம்பைச் சிலிர்த்தாள்.
பின்கால்களை அகட்டி
புது வைக்கோலின் மேல்
நெடுநேரம், ஆவி பறக்க,
வழியெல்லாம் அடக்கி வைத்திருந்ததை விட்டாள்.

"பயணம் எப்படி இருந்தது?"
"இதோ, பெய்கிறாளே" என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை. ரசீதில் கையெழுத்துப் போட்டான்.
கண்ணாடிக்கான பணம்
கூலியில் கழியுமாம்.