ஒரு பக்கம் இரையும்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
நாலாவது கடை.
ஆயிரத்து எண்ணூறு என்றான். சட்டைப்பையைத் தடவினேன்.
அடுத்தது அறுநூற்றைம்பது.
அதற்கும் கீழ்த்தட்டில், பெட்டி இல்லாமல்,
ரப்பர் பேண்டு போட்ட ஒரு ஜோடி:
முந்நூற்றிருபது.
"ஒரு பக்கம் லேசா இரையும் மக்கா,
மத்தபடி கொறையில்ல" என்றான் அஜின்.
போட்டுக் காட்டினான்.
தலைக்கு மேல் லாரி போய்க்கொண்டே இருந்தது.
ஒன்றும் கேட்கவில்லை. வாங்கிவிட்டேன்.

வயர் ஒரு முழம்தான்.
இடது ஸ்பீக்கர் மேசையில்,
வலது அரிசி டின்மேல்.
நடுவில் ஒருவர் உட்காரலாம்,
ஒருவர்தான்.

ஷெர்லின் உட்கார்ந்தாள்.
ஒன்பது வருஷத்துக் கல்யாண வீடியோ.
மானிட்டரின் தகரத் தொண்டையில் இத்தனை நாள்
பாட்டுக்குழு மட்டும்தான் இருந்தது.
இப்போது வலப்பக்கம், பந்தி ஓரமாய்,
யாரோ சொல்கிறார்:
"மாப்பிளைக்கு வயசு கொஞ்சம் கூடுதல்தான்."

நிறுத்தினாள். பின்னால் ஓட்டினாள்.
அதே குரல், அதே கூடுதல்.
"டென்சிங் மாமாவாக்கும்!"
சிரிப்பை அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

இரைகிற பெட்டி அதுதான்.
நாளைக்கே கொண்டுபோய் மாற்றிவிடலாம் என்றேன்.
அவள் சத்தத்தைக் கூட்டினாள்.