கழிக்க வேண்டியது

நான்காம் செமஸ்டர், வியாழன் மதியம்.
டிபார்ட்மென்ட்டில் கைகர் கவுன்ட்டர் ஒன்றே ஒன்று,
அதனால் இருவர் இருவராக முறை.
எனக்கு ஜோடி குலசேகரத்து ஆதிரா.
ரப்பர் ஷீட்டின் புகைவாசம்
அவள் ரெக்கார்டு நோட்டு வரைக்கும் வந்திருக்கிறது.
என் நோட்டில் என்ன வாசம் என்று
இதுவரை அவள் சொன்னதில்லை.

முதலில் எதையும் வைக்காமல் எண்ண வேண்டும்.
கதிர்மூலம் ஈயப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது.
மேசை வெறும் மேசை.
நானூற்றைம்பது வோல்ட்டில்
குழாய் ஆனாலும் சொட்டுகிறது
டிக், டிக்டிக், பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை, டிக்
தகரத்தில் இறங்கலாமா என்று
மழை யோசிப்பது மாதிரி.
வானிலிருந்து வருகிறதாம், சுவரிலிருந்தும்,
கொஞ்சம் நம் எலும்பிலிருந்தும்.
இதற்குப் பெயர் பேக்கிரவுண்ட்.
எழுதிக்கொள்,
பிறகு வரும் எல்லாவற்றிலிருந்தும் கழி
என்கிறது செய்முறைக் கையேடு.

ஆதிரா உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம்: நூற்று நாற்பத்தொன்பது.
நான் உட்கார்ந்தேன்: இருநூற்றுப் பத்து.
"எளா, நீ தப்பா எண்ணுத."
எண்ணுவது நானா, மெஷின்லா?
திரும்பவும்: இருநூற்று இரண்டு.
குழாயை ஒட்டிக் கிடந்த என் பையை
அவள்தான் எடுத்துத் தரையில் வைத்தாள்.
நூற்று ஐம்பத்து மூன்று.

பையைக் கவிழ்த்தோம்.
கால்குலேட்டர், குடை, ஏத்தங்காய் வத்தல் பொட்டலம்,
அடித்தையல் பிரிந்த இடத்தில்
ஒரு கைப்பிடி மணல்.
கறுப்பு, ஊடே சிவப்பு, தேன்நிறத்தில் சில மணிகள்.
சின்னவிளைக் கரை.
ஞாயிற்றுக்கிழமை இந்தப் பையைச் சாய்த்துவைத்துத்தான்
மின்காந்தவியல் படித்தேன்,
மூன்றாம் அலகு, பாதி.

"ஒன்னைய ஈயப் பொட்டிக்குள்ள பூட்டணும்" என்றாள்.
சிரித்தோம், அட்டெண்டர் எட்டிப் பார்க்கும்வரை.
பிறகு யாரும் சொல்லாமலே
மணலைக் காகிதத்தில் கொட்டிக் குழாயின் கீழே வைத்தோம்.
முந்நூற்று எழுபத்தெட்டு.
அது சொட்டு இல்லை. இறங்கிவிட்ட மழை.

எண்ணியது எவ்வளவோ
அதன் வர்க்கமூலம் எண்ணியதன் ஐயம்.
இந்த ஒரு வரிக்காகத்தான்
என்ஜினியரிங் சீட்டை விட்டுவிட்டு வந்தேனோ என்று
சில ராத்திரிகளில் தோன்றும்.
நூற்று நாற்பத்தொன்பதும் இருநூற்றுப் பத்தும்
தற்செயலாய்ப் பிரியாது.
இடைவெளி, ஐயத்தைப்போல மூன்று மடங்கு.
அவ்வளவும் சுத்தம்.

எங்கள் தெருவில் மூன்று வீடு
ஃபைலைத் தூக்கிக்கொண்டு திருவனந்தபுரம் போகிறது.
மூன்றாவது, ஜெசிந்தா சித்தி.
மணல்தான் என்கிறார்கள் பாதிப்பேர்.
மணலில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் என் அண்ணன்
சோற்றைப் பிசைந்தபடி ஒன்றும் சொல்வதில்லை.
பிறகு எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்:
பிசிக்ஸ் படிக்கேல்லா, நீ சொல்லு.

மூன்றின் வர்க்கமூலம் ஒன்று புள்ளி ஏழு.
மூன்று, கூட்டல் கழித்தல் ஒன்று புள்ளி ஏழு.
இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது சித்தி.
சொல்வதானால் ஆயிரக்கணக்கில் வேண்டும்.
ஆயிரம் வேண்டாம்.
நான்காவதும் வேண்டாம்.
எனக்குத் தெரியாமலே இருக்கட்டும்
என்று நினைக்கிற பிசிக்ஸ் மாணவி
ஒருத்தி உண்டென்று
எந்தக் கையேட்டிலும் போடவில்லை.

சார் வந்தார். "பேக்கிரவுண்ட் ஏன் ரெண்டு ரீடிங்?"
ஆதிரா முந்திக்கொண்டாள்: "மேசைல அழுக்கு சார்."
அழுக்கு.
அவள் என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள்.
மணலைக் குப்பைக்கூடையிலும் போட மனமில்லை,
ஜன்னல் வழியே வீசவும் இல்லை.
கிராஃப் தாளில் மடித்துப்
பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.
அடுத்த ஜோடிக்கு நூற்று நாற்பத்தாறு வந்ததாம்.

குளச்சல் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
பெண்களுக்கான காசில்லாச் சீட்டை
கண்டக்டர் முகம் பார்க்காமல் கிழித்துத் தந்தார்.
ராஜாக்கமங்கலம் தாண்டுகையில் ஆதிராவின் மெசேஜ்:
இருநூற்றுப்பத்த அழிச்சாச்சா?

அழிக்கவில்லை.
லேப் வழக்கப்படி மேலே ஒற்றைக் கோடு,
அடியில் எண் படிக்கிற மாதிரி.
மடியில் பை.
கையை அதன்மேல் வைப்பதா எடுப்பதா என்று
வெள்ளமோடி வரைக்கும் தெரியவில்லை.