வாய் திறந்தது, எட்டு

என் ஜன்னலுக்கு வலப்பக்கம், ஒரு முழம் தள்ளி,
ஒருத்தி அலறிக்கொண்டிருக்கிறாள்
நூற்றுப் பதினெட்டு வருடமாக.
சுதைப்பெண். கழுத்துவரைதான்.
கழுத்துக்குக் கீழே நாடா,
நாடாவுக்குக் கீழே எந்த மரத்திலும் காய்க்காத பழக்கொத்து.

தெருவில் நிற்பவர்களுக்கு அவள் முகம்.
எனக்கு அவள் காது.
காதுக்குப் பின்னால் யாரும் மெனக்கெடாத இடம்:
விரலால் வழித்துவிட்ட சாந்து,
துருவேறிய கொக்கி,
புறா செருகிவிட்டுப் போன வைக்கோல்.
ரீகாவுக்கு வந்த நாளிலிருந்து
ஓர் அலறலின் முதுகில்தான்
துணி உலர்த்துகிறேன்.

நாலாம் மாடி நெடுக ஏழு பேர்.
ஏழும் ஒரே அச்சு.

மஞ்சள் குடைக்காரி தன் கூட்டத்துக்குச் சொல்கிறாள்,
இது மெதூசா.
பத்து நிமிடம் கழித்து வரும் நீலக் குடைக்காரன்,
இது அந்த நூற்றாண்டின் பதற்றம்.
மூன்றாம் மாடி வெல்டா எதற்கும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.
ஒரே ஒருமுறை, லிஃப்ட் நின்றுபோன அன்று, படியில் சொன்னாள்:
மார்ச் மாத ராத்திரி, கீழே லாரி.
அப்பா ஒற்றை ஷூவோடு இறங்கிப் போனார்.
வீட்டில் நாங்கள் யாரும் சத்தம் போடவில்லை.
அவள்தான் போட்டாள்.

பிறகு சாரம் கட்டினார்கள். பச்சை வலை.
மே மாதம் முழுக்க என் சமையலறையில்
பாசிக்குளத்து வெளிச்சம்.
பழுதுபார்க்க வந்த தாலிவால்டிஸ்
ஆவணக்காப்பகத்திலிருந்து ஒரு நகல் கொண்டுவந்தான்.
குடியிருப்போர் கூட்டம், கீழ்ப்படிக்கட்டில்.
நான் கணக்கெழுதுபவள்;
தாள் என் கைக்கு வந்தது.

வார்ப்புப் பட்டறை ரசீது. சாய்ந்த ஜெர்மன் எழுத்து.
பெண் முகம், வாய் மூடியது, புன்னகையுடன்:
மூன்று ரூபிள் இருபது.
அதே முகம், வாய் திறந்தது:
இரண்டு ரூபிள் எழுபத்தைந்து.
சாந்து குறைவு, அவ்வளவுதான்.
பல்லுக்குத் தனிக் கூலி போடவில்லை.
வீட்டைக் கட்டிய மரவியாபாரி ஃபாங்கெல்
புன்னகையைப் பென்சிலால் அடித்திருக்கிறான்.
ஒரே கோடு. நிதானமான கோடு.

ஐந்தாம் மாடி பல் டாக்டர்தான் முதலில் சிரித்தார்.
அப்புறம் எல்லோரும்.
நானும்தான்; விலைப்பட்டியல் எனக்குப் பிடிக்கும்.
வெல்டா இன்னொருமுறை வாசிக்கச் சொன்னாள்.
வாசித்தேன்.
அந்த ஷூவும் தள்ளுபடியில் வாங்கியதுதான், என்றாள்.
கைப்பிடியைப் பிடித்து மேலே ஏறினாள்.
மூன்று மாடியும் அவள் செருப்புச் சத்தம்.

தூக்கம் வராமல் கூட்டிப் பார்த்தேன்.
தலைக்கு நாற்பத்தைந்து கோபெக், ஏழு தலை,
மிச்சம் மூன்று ரூபிள் பதினைந்து.
மிச்சம் பிடித்தவன் என்ன செய்வான்?
ரசீதின் கடைசி வரியை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.
எண்ணிக்கை: எட்டு.

பின்முற்றத்தில்,
இரண்டு மழைக்குழாய்களுக்கு நடுவே,
குப்பைத்தொட்டிகளுக்கு மேலே ஒன்று இருக்கிறது.
எந்த வரிசையிலும் சேராதது.
ஏன் அங்கே என்று யாருக்கும் தெரிந்ததில்லை,
கேட்டதும் இல்லை.
தாலிவால்டிஸிடம் காட்டினேன்.
ஏணியில் ஏறி மூக்கைத் தொட்டான்; மூக்கு கையோடு வந்துவிட்டது.
மதிப்பீட்டில் தெருப்பக்கம் மட்டும்தான், என்றான்.
மூக்கை என்ன செய்வதென்று தெரியாமல்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

செப்டம்பரில் வலையை அவிழ்த்தார்கள்.
ஏழு பேரும் பாலாடை நிறத்தில் அலறுகிறார்கள்.
மஞ்சள் குடை, நீலக் குடை, கேமராக்கள்.
என் துண்டு படத்தில் விழுகிறதென்று
யாரோ கீழிருந்து கைகாட்டுகிறார்கள்.
எடுப்பதில்லை.

இப்போது டிசம்பர். வாளியோடு இறங்குகிறேன்.
எட்டாமவள் வாய் நிறையப் பனி.
துடைப்பக் காம்பால் எக்கிக் குத்துகிறேன்,
பாதி என் தலையில் விழுகிறது.
எட்டு முகம், இருபத்திரண்டு ரூபிள்.
ஏழு புன்னகைக்கு ஆகியிருக்கும் இருபத்திரண்டு நாற்பது.
அந்த நாற்பது கோபெக்கை அவன் எதற்குச் செலவழித்தான் என்று
எந்தத் தாளிலும் இல்லை.
மூடியைத் திறந்து
உருளைக்கிழங்குத் தோலைக் கொட்டுகிறேன்.