முப்பத்திரண்டு டிகிரி

முப்பத்திரண்டு டிகிரி வரை அது தண்ணீர்.
அதற்கு மேல் மனசு மாறிவிடும்.
இதைப் பிடிக்க எங்களுக்கு இரண்டு வருடம்,
நூற்றுச் சொச்சம் கலவைகள்,
ஒரு உடைந்த சென்ட்ரிஃப்யூஜ்.

குளிரில் ஊசிக்குள் ஓடும்.
தோலுக்கடியில் போனதும்
உடம்பின் சூட்டில் உறைந்து
நுங்கு மாதிரி உட்கார்ந்துகொள்ளும்.
மருந்து உள்ளே. அவசரமில்லை.
வெள்ளணுக்களைத் தேடி அது அலையாது.
ரோந்து வருகிறவை
இதென்ன இங்கே புதுசாய் ஒரு மேடு என்று
தாமே நுழையும்,
துழாவும், தின்னும்,
வாய்கொள்ளாமல் ஏந்திக்கொண்டு
நிணநீர்க் கணுவுக்குப் போய்
மற்றதுகளிடம் சொல்லும்:
இதுதான் புற்று. முகத்தைப் பார்த்துக்கொள்.

டாக்டர் ஹெஸ்ஸா இதைச் சொல்ல
நாற்பது ஸ்லைடு வேண்டும்.
எனக்கு நுங்கு போதும்.

ஆகஸ்ட் பதினொன்று, தோஹா.
ஆய்வுக்கூடத்திலிருந்து எலிகள் இருக்கிற கட்டிடத்துக்கு
இருபத்தைந்து நிமிடம்.
தெர்மோகோல் பெட்டி, ஐஸ் பொதிகள், பன்னிரண்டு சிரிஞ்சு.
தேக் பகதூர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.
சல்வா ரோட்டில் ஒரு ட்ரெய்லர் குறுக்கே கவிழ்ந்து கிடந்தது.
வேனில் ஏசி இல்லை என்பது
புகார்ப் புத்தகத்தில் ஏறியிருந்தது,
மூன்று முறை, அவர் கையெழுத்தில்.
வெளியே நாற்பத்தாறு.

ஒன்றே முக்கால் மணி நேரம்.

பின்னால் இன்னொரு காரில் போய்ச் சேர்ந்து
பெட்டியை நான்தான் திறந்தேன்.
கட்டைவிரலால் அழுத்தினேன்.
நகரவில்லை.
அடுத்தது.
பன்னிரண்டும்.

அதைத் தப்பு சொல்ல முடியாது.
சூடு வந்தால் உறை என்றுதானே
படித்துப் படித்துச் சொல்லிக்கொடுத்தோம்?
அது இந்த ஊரையே
ஓர் உடம்பென்று நினைத்துவிட்டது,
நல்ல காய்ச்சலில் கிடக்கிற உடம்பு.
வந்து சேர்ந்தாயிற்று என்று
பிளாஸ்டிக் குழாய்க்குள்ளேயே உட்கார்ந்து
வெள்ளணுக்களுக்காகக்
காத்துக்கொண்டிருந்தது.

படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம்.
யாரோ முன்கூட்டியே நிரப்பி அனுப்பியிருந்தார்கள்:
ஓட்டுநர் தாமதம்.
அழித்தேன்.
வேன் ஏசி, புகார்ப் புத்தகம், பக்கம் பதினேழு,
மூன்று தேதிகள்.
அனுப்புகிற பொத்தானுக்கு மேல் விரல் கொஞ்சம் நின்றது.
என் விசாவும் அக்டோபரில் முடிகிறது.
இதை யாரிடமும் சொல்லவில்லை, இப்போதுதான்.

சாயங்காலம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார்.
"செத்துப்போச்சா மேடம்?"
இந்தியில் கேட்டார், என் இந்தியைவிட நல்ல இந்தி.
இல்லை, உறைந்திருக்கு, அவ்வளவுதான்.
ஒன்றை எடுத்து ஐஸ் வாளியில் நட்டேன்.
இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
எட்டு நிமிடம்.
எடுத்துச் சாய்த்தேன்.
மத்தியானத்திலிருந்து நடுவில் மாட்டிக்கிடந்த
ஒரு காற்றுக் குமிழி
மெல்ல மேலே கிளம்பியது.
இன்னொரு தடவை சாய்க்கச் சொன்னார்.
இன்னொரு தடவை.

"அப்போ எலிக்குப் போடலாம்?"
கூடாது. தவறான இடத்தில் ஒருமுறை உறைந்ததை
எதற்கும் போடக்கூடாது, அது விதி.
உள்ளே மருந்து என்ன நிலையில் இருக்கிறதென்று
பார்த்தால் தெரியாது.
தலையாட்டினார்.
பிறகு தாடைக்குக் கீழே தொட்டுக் காட்டினார்.
"இது என்ன? ஒரு வாரமா."
கையுறையோடு தொட்டேன்.
புளியங்கொட்டை அளவு. அழுத்தியதும் முகம் சுளித்தார்.
அங்கே கூட்டம் நடக்குது, பல்லை யாரிடமாவது காட்டுங்க.
"வெள்ளிக்கிழமை."
எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்டேன்.
சிரித்தார்.

பன்னிரண்டும் மஞ்சள் பைக்குள் போயின.
ஏசி அறை, இருபத்தொன்று டிகிரி.
உள்ளே எல்லாம் மறுபடி தண்ணீராய்
ஆடிக்கொண்டிருந்திருக்கும்.

வியாழன், புதுப் பன்னிரண்டு, வேறு வேன்.
ஏசி சத்தம் வாசல்வரை கேட்டது.
பெட்டியை வாங்கி முன்சீட்டில் வைத்து
பெல்ட் மாட்டினார்.
பிறகு தன் துண்டை நனைத்துப் பிழிந்து
மூடிமேல் விரித்தார்.
தேவையில்லை என்று
நான் சொல்லவில்லை.